புள்ளக்காம்பராவும் பார்னெகம்மரும்

 

நோர்வே மொழியில் ‘பார்னெகம்மர்’ என்று ஒரு சொல் உண்டு. கொஞ்சம் பழைய சொல். வசதியான வீடுகளில் பிள்ளைகள் படுக்கவும் விளையாடவும் ஒதுக்கிய அறைக்கு அந்தப் பெயர். ‘பார்ன்’ என்றால் பிள்ளை, ‘கம்மர்’ என்றால் அறை, இரண்டையும் ஒட்டுவதற்கு நடுவில் ஓர் ‘எ’. இதைக் கேட்டதும் இங்கே இருக்கிற அம்மாமார் சிலர் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறோமே, அந்தப் புள்ளக்காம்பராவுக்கும் அதே கட்டுமானம். முன்னால் பிள்ளை, பின்னால் அறை, நடுவில் ஒட்டுவதற்கு ஒரு ‘க்’.

இதில் பாதி தற்செயல். பிள்ளைகளுக்கு ஓர் அறை ஒதுக்குகிற எந்தச் சமூகமும் இப்படி ஒரு சொல்லை உண்டாக்கும். மறுபாதி தற்செயல் அல்ல. நோர்வேக்காரரின் ‘கம்மர்’ என்ற சொல்லும் நம்முடைய ‘காம்பரா’ என்ற சொல்லும் ஒரே வயிற்றில் பிறந்தவை. அந்தச் சொல் வந்த வழியைத்தான் இன்றைக்குப் பேச வந்தேன். வழியில் வேறு சில சொற்களும் வரும், இந்த மடுல்சீமையிலேயே பிறந்து உலகம் முழுக்கப் போன ஒரு சொல்லும் வரும்.

முதலில் ‘காம்பரா’. கிரேக்க மொழியில் ‘கமரா’ என்றால் வளைந்த கூரை உடைய இடம். அது இலத்தீனுக்குப் போய் ‘கமெரா’ ஆயிற்று, வளைவு போய் வெறும் அறை என்ற பொருள் நின்றது. இலத்தீனிலிருந்து அது பல வீட்டுக்குப் போனது. ஜெர்மானிய மொழிகளில் நுழைந்து ‘கம்மர்’ ஆகி, வடக்கே கப்பலேறி நோர்வேக்குப் போனது. போர்த்துக்கேயரிடம் ‘காமரா’ ஆயிற்று. அவர்கள் கப்பலில் அது கீழைக் கடலுக்கு வந்து இந்தியில் ‘கம்ரா’, சிங்களத்தில் ‘காமரய’, நம்மிடம் ‘காம்பரா’.

இடையில் இந்த ‘ப்’ எங்கிருந்து வந்தது? போர்த்துக்கேயச் சொல்லில் அது கிடையாது. ‘காமரா’ என்பதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் உள்ள உயிர் தேய்ந்து ‘காம்ரா’ ஆகும். ‘ம்’ முடிந்து ‘ர’ தொடங்குமுன் மூடிய உதடு திறக்க வேண்டும், அந்தத் திறப்பில் ஒரு ‘ப்’ தானாக விழுந்துவிடும். இலத்தீன் ‘கமெரா’ பிரெஞ்சுக்காரர் வாயில் ‘ஷாம்ப்ர்’ ஆனதும் இதே காரணத்தால்தான். அதிலிருந்து வந்த ஆங்கிலச் சொல் ‘சேம்பர்’. ஆக, லண்டனில் பெரிய வழக்கறிஞர் உட்காருகிற சேம்பரிலும் நம் தோட்டத்து லயத்துக் காம்பராவிலும் ஒரே உதடு ஒரே வேலையைச் செய்திருக்கிறது. ஒன்றைக் கௌரவமான சொல் என்கிறோம், மற்றதைக் கொச்சை என்று பாடசாலையில் சிவப்பு மையால் அடிக்கிறோம். மொழியியல் கண்ணுக்கு இரண்டும் ஒன்று.

இதே சொல்லுக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு. இருட்டான அறையில் ஒரு சிறு துளை வழியாக வெளிக்காட்சி சுவரில் தலைகீழாக விழும். அந்த ஏற்பாட்டுக்கு இலத்தீனில் ‘கமெரா ஒப்ஸ்கூரா’, அதாவது இருட்டறை, என்று பெயர். பின்பாதி உதிர்ந்து முன்பாதி மட்டும் படம் பிடிக்கிற கருவிக்குப் பெயராயிற்று. உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கிற கேமராவும் நீங்கள் பிறந்த காம்பராவும் ஒரே சொல். பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரு கதவு, பல லயங்களில் சன்னலே கிடையாது, உள்ளேயே அடுப்பு. ஒப்ஸ்கூரா என்ற அடைமொழியை நம்மவர்கள் சேர்த்துச் சொல்லாததற்குக் காரணம், அது சொல்லாமலே விளங்கியது.

போர்த்துக்கேயச் சொல் நம் ஊவா மலைக்கு எப்படி வந்தது என்று ஒரு கேள்வி வரலாம். நியாயமான கேள்வி. போர்த்துக்கேயர் இந்த மலையை ஆண்டதே இல்லை. 1630இல் அவர்களுடைய தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பெரும்படையோடு ஊவாவுக்குள் வந்து, வெல்லவாயவுக்குப் பக்கத்தில் ரந்தெனிவெலவில் கண்டி அரசின் படையிடம் தோற்று மாண்டார். வாளோடு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. அவர்களுடைய அறை மட்டும் கரையோரச் சிங்களத்திலும் தமிழகத் துறைமுகத் தமிழிலும் தங்கியிருந்து, இருநூறு ஆண்டு கழித்து ஆங்கிலேயன் கோப்பித் தோட்டம் போட்டபோது லயத்தோடு மலையேறியது.

லயத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ‘லயம்’ என்பது ஆங்கில ‘லைன்’. பட்டாளக் குடியிருப்பை லைன் என்பார்கள், அது ‘லயன்’ ஆகி, எழுதத் தெரிந்தவர்கள் கையில் ‘லயம்’ ஆயிற்று. சங்கீதத்தில் உள்ள லயத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அந்தப் பெயரில் எத்தனை கவிதை எழுதிவிட்டார்கள்! முன்னால் இருக்கிற திண்ணை ‘இஸ்தோப்பு’, அது ஒல்லாந்தரின் ‘ஸ்தூப்’. அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனாரை ‘பாஸ்’ என்கிறோம், அதுவும் ஒல்லாந்துச் சொல், எசமான் என்று பொருள். கொழுந்து நிறுக்கிற இடம் ‘மடுவம்’, சிங்களத்து ‘மடுவ’. சில தோட்டங்களில் புள்ளக்காம்பராவையே ‘புள்ள மடுவம்’ என்பார்கள். ஒரு லயத்துக்குள் மூன்று ஐரோப்பிய ஆட்சியும் ஒரு பக்கத்து வீட்டு மொழியும் குடியிருக்கின்றன. பிள்ளை மட்டும் தமிழ்.

அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற ஆயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்த்துக்கேய மொழியில் ‘ஆய்யா’ என்றால் பிள்ளை வளர்க்கும் தாதி. அதற்கு மூலம் இலத்தீனில் பாட்டி என்ற பொருளுடைய ‘அவியா’ என்பார்கள். வட தமிழ்நாட்டில் பாட்டியையே ஆயா என்று கூப்பிடுகிற வழக்கு இருக்கிறது. இரண்டும் எப்படியோ ஒரே வாசலில் வந்து நின்றுவிட்டன. இங்கே ஆயாம்மா என்று ‘அம்மா’வையும் சேர்த்து ஒட்டிவிட்டோம். பாட்டியும் தாயும் சேர்ந்த ஒருத்தி. பத்து மணிக்கு மலையிலிருந்து ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுகிற தாய்க்கு அப்படி ஒருத்தி தேவைப்பட்டாள்.

இனி ஒட்டுகிற விதத்தைப் பார்ப்போம். தொல்காப்பியர் தொகை ஆறு என்றார். ஐந்தை விட்டுவிடுகிறேன், பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். புள்ளக்காம்பரா வேற்றுமைத்தொகை. ‘பிள்ளைகளுக்கு உரிய காம்பரா’ என்று விரிக்க வேண்டும். ‘கு’ என்ற உருபும் ‘உரிய’ என்ற சொல்லும் தொக்கி நிற்கின்றன. பெரட்டுத்தப்பு என்றால் பெரட்டுக்கு ஆள் கூட்ட அடிக்கிற தப்பு. கொழுந்துக்கூடை என்றால் கொழுந்தைப் போடுகிற கூடை. பின்னால் நிற்பதுதான் தலைச்சொல், முன்னால் நிற்பது அது எப்படிப்பட்டது என்று சொல்லும். நோர்வே மொழியிலும் இதே ஒழுங்குதான். அதனால்தான் அந்த மொழியின் கூட்டுச்சொல்லை நாம் உடனே பிரித்துப் பார்க்க முடிகிறது. பிரெஞ்சில் இது தலைகீழ்.

ஒட்டு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதிலும் இரண்டு மொழிக்கும் ஒரே தலைவலி. ‘லம்மெலோர்’ என்று சேர்த்து எழுதினால் ஆட்டுக்குட்டியின் தொடை இறைச்சி. ‘லம்மெ லோர்’ என்று பிரித்துவிட்டால் முடங்கிப்போன தொடைகள். கடைக்காரர் விலைப்பலகையில் பிரித்து எழுதிவிட, படித்தவர்கள் படம் எடுத்துப் போட்டுச் சிரிப்பது அங்கே ஒரு வாடிக்கை. இங்கே ‘கீரைக்கடை’ என்றால் வியாபாரம். ‘க்’கை விட்டு ‘கீரை கடை’ என்றால் மத்தை எடுத்துக் கீரையைக் கடையச் சொல்கிற ஏவல். பதுளை நகரத்தில் ஒரு தரம் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்து பாருங்கள், எத்தனை ஏவல்கள் தொங்குகின்றன என்று தெரியும்.

தலைச்சொல் பின்னால் என்ற இந்த விதி சாதாரணமாகத் தோன்றும். ஆனால் இரண்டு சொல்லை இடம் மாற்றிப் போட்டால் ஒரு வாழ்க்கையே மாறிவிடும். ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் ஃபுரோபெல் என்ற ஆசிரியர் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் நடத்தினார். 1840இல் அதற்கு ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயர் வைத்தார். நோர்வேக்காரர்கள் அதைத் தங்கள் மொழியில் ‘பார்னெஹாகெ’ என்று ஆக்கிக்கொண்டார்கள். ‘ஹாகெ’ என்றால் தோட்டம். பார்னெஹாகெ, பிள்ளைத்தோட்டம். பிள்ளைகளைச் செடியாக நினைத்து நீரூற்றுகிற தோட்டம். நம்மிடம் இருப்பது அதே இரண்டு சொல், இடம் மாறி: தோட்டப்பிள்ளை. அங்கே பிள்ளைக்காகத் தோட்டம். இங்கே தோட்டத்துக்காகப் பிள்ளை. இதற்கு மேல் நான் விளக்கினால் அது பிரசங்கம் ஆகிவிடும்.

நோர்வே அந்தப் பெயருக்கு ஒரே நாளில் வந்து சேரவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1837இல் துரொண்ஹைம் நகரத்தில் ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இடத்துக்கு வைத்த பெயர் ‘அசீல்’. புகலிடம், கதியற்றவர்களைச் சேர்க்கும் இடம் என்று பொருள். பார்னெஅசீல் என்றார்கள். பிறகு ‘தாக்ஹெம்’, பகல்வீடு. 1975இல்தான் பார்னெஹாகெ சட்டம் என்று ஒன்று வந்து, அந்தச் சொல் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான இடத்துக்குச் சட்டப் பெயராயிற்று. புகலிடம், வீடு, தோட்டம். வேலைக்குப் போகிற தாயின் பிள்ளையை நாடு எப்படிப் பார்த்தது என்பதை இந்த மூன்று பெயரும் வரிசையாகச் சொல்லிவிடுகின்றன.

நம்முடைய வரிசை வேறு. முதலில் பெயரே இல்லை, மரக்கிளையில் ஏணை கட்டித் தொங்கவிட்டுவிட்டுத் தாய் தேயிலை நிரையில் ஏறினாள். பிறகு புள்ளக்காம்பரா. தோட்டங்கள் அரசுடைமையான பின்பு 1980களில் லயம் திருத்தவும் கழிப்பறை கட்டவும் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களைச் சீராக்கவும் நெதர்லாந்து, நோர்வே அரசுகள் பணம் கொடுத்தன. பார்னெஹாகெ நாட்டுப் பணம் புள்ளக்காம்பராவுக்கு வந்தது என்று சொல்லலாம். இன்றைக்குப் பலகையில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று எழுதியிருக்கிறது. நல்ல பெயர்தான், மூன்று சொல்லும் சரியான தமிழ் இலக்கணத்தில் நிற்கின்றன. ஆனால் “புள்ளைய எங்க விட்ட?” என்று கேட்டால் எந்தத் தாயும் “அபிவிருத்தி நிலையத்தில” என்று சொல்வதில்லை. பலகைச் சொல் ஒன்று, வாய்ச்சொல் ஒன்று. வாய்ச்சொல்லை ஆக்கியவர்கள் யார் என்பதுதான் எனக்கு முக்கியம். துரை ஆக்கவில்லை, பண்டிதர் ஆக்கவில்லை. பிறமொழியின் உடைசலைப் பொறுக்கி, தமிழ்ப் புணர்ச்சியால் ஒட்டி, கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் ஆக்கிய சொல் அது. அதில் ஒரு ‘க்’ கூடத் தவறவில்லை.

பிள்ளை என்ற சொல்லையே பாருங்கள். புள்ளக்காம்பராவில் முன்னால் நிற்கும்போது அது குழந்தை. கணக்கப்பிள்ளையில் பின்னால் போனதும் அது மீசை வைத்த உத்தியோகத்தர். ஆங்கிலேயர் இந்தச் சொல்லை ‘கொனிகொப்பொலி’ என்று சிதைத்து, 1886இல் வந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியில் ஏற்றிவிட்டார்கள். கங்காணி அதைவிடச் சுவையான சொல். கண் + காணி. கண்ணால் காண்கிறவன், அதாவது மேற்பார்ப்பவன். நோர்வே மொழியில் மேற்பார்வைக்காரனுக்கு ‘ஒப்சீன்ஸ்மன்’ என்று பெயர்: மேல் + பார்வை + ஆள். கிரேக்கத்தில் ‘எபிஸ்கொப்போஸ்’, மேலிருந்து பார்ப்பவன். அதுதான் திரிந்து ஆங்கிலத்தில் ‘பிஷப்’ ஆயிற்று. சொல்லின் எலும்பை மட்டும் பார்த்தால் கங்காணியும் ஆயரும் சகோதரர்கள். ஆயர் இல்லத்தில் இதைச் சொல்லாதீர்கள், கங்காணி வீட்டில் தாராளமாகச் சொல்லலாம். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ‘கண்காணிப்பாளர்’ என்பது மரியாதையான பதவிப் பெயர், அதே வேர்தான்.

பெரட்டு என்பது ஆங்கில ‘பரேட்’. காலையில் ஆளெடுக்கும் களம் பெரட்டுக்களம். கவ்வாத்து அரபு மொழிச் சொல்லின் வழி வந்தது, அங்கே ‘கவாயித்’ என்றால் விதிமுறைகள். அது உருது வழியாகப் பட்டாளப் பயிற்சிக்குப் பெயராகித் தமிழில் ‘கவாத்து’ ஆயிற்று. செடியைச் சீராக வெட்டுவதும் கவாத்துதான். லயன், பெரட்டு, கவ்வாத்து மூன்றும் பட்டாளத்துச் சொற்கள். ஆள் குடியிருப்பதற்கும், ஆள் நிற்பதற்கும், செடி நிற்பதற்கும் ஒரே முகாம் மொழி. தோட்டம் எப்படி நடத்தப்பட்டது என்று தெரிந்துகொள்ள வரலாற்று நூல் கிடைக்காவிட்டால் இந்த மூன்று சொல் போதும்.

இனி நான் முதலில் சொன்ன அந்தச் சொல்லுக்கு வருகிறேன். மடுல்சீமையில் பிறந்த சொல்.

1869. இந்த மலை முழுக்கக் கோப்பி. அந்த ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் ஒரு கோப்பித் தோட்டத்தில் இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடி படிந்ததைக் கண்டார்கள். இலை பேராதனைப் பூங்காவுக்குப் போயிற்று. அங்கே இருந்த தாவரவியலாளர் துவெயிட்ஸ் அதை இங்கிலாந்துக்கு, பாதிரியாரும் காளான் ஆய்வாளருமான பெர்க்லிக்கு அனுப்பினார். பெர்க்லி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். வித்திகளின் ஒரு பக்கம் கரடுமுரடாகவும் மறுபக்கம் வழவழப்பாகவும் இருந்தது. அதே ஆண்டு ‘கார்டனர்ஸ் கிரானிக்கிள்’ இதழில் பெயர் வெளிவந்தது: ‘ஹெமிலெயா வஸ்தாத்ரிக்ஸ்’. ‘ஹெமி’ என்றால் அரை, ‘லெயோஸ்’ என்றால் வழவழப்பு. இரண்டும் கிரேக்கம். ‘வஸ்தாத்ரிக்ஸ்’ இலத்தீன், பாழாக்குகிறவள் என்று பெண்பாலில். அரைவழுவழுப்பான நாசக்காரி. இங்கே இருந்த துரைமார் அந்த வாய்க்குள் நுழையாத பெயரைத் திரித்து ‘நாசக்கார எமிலி’ என்று கேலி பேசினார்கள். கேலி அதிக நாள் நீடிக்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுக்குள் இலங்கையின் கோப்பிப் பயிர் முடிந்தது. பிரேசிலிலும் கொலம்பியாவிலும் இன்றைக்குக் கோப்பி விவசாயி அஞ்சுகிற அந்த நோயின் அறிவியல் பெயர், மடுல்சீமைத் தோட்டத்தில் பறித்த இலையைப் பார்த்து வைத்த பெயர். உலக அறிவியலுக்கு இந்த ஊர் கொடுத்த கூட்டுச்சொல் இது, பெருமைப்படுகிற மாதிரியான கொடை இல்லாவிட்டாலும்.

கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெயிலர் என்ற துரை 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அதைத் தொடங்கியிருந்தார். ‘தேயிலை’யும் கூட்டுச்சொல்தான்: தே + இலை, நடுவில் ய் உடம்படுமெய். ‘தே’ என்பது சீனத்து ஃபூஜியன் கரையில் பேசுகிற மின் மொழியின் சொல், ஒல்லாந்துக் கப்பல்கள் உலகெங்கும் பரப்பியது. பெரும்பாலும் தரைவழியாகப் போனவர்கள் ‘சா’, ‘சாய்’ என்றார்கள், கடல்வழியாகப் போனவர்கள் ‘தே’ என்றார்கள். நோர்வேக்காரருக்கும் அது ‘தே’தான். தேயிலையை அவர்கள் ‘தேபிளாட்’ என்பார்கள், ‘பிளாட்’ என்றால் இலை. தமிழ்நாட்டில் ‘டீ’ குடிக்கிறார்கள். நாம் இன்னும் தேத்தண்ணி குடிக்கிறோம். எந்தத் தகரத்தையும் விடாமல் உச்சரிக்கிறோம் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

பெர்க்லி அரை என்று தொடங்கிப் பெயர் வைத்த இதே மலையில், அரை என்று தொடங்குகிற இன்னொரு சொல் பின்னால் உண்டாயிற்று. அரைப்பேர். செக்ரோல் என்கிற வரவுப் பதிவேட்டில் பெயர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம், ஆகவே ‘பேர்’ என்றாலே நாட்சம்பளம். சொன்ன கிலோ வராவிட்டால் பேர் பாதியாகும். பண்புத்தொகை, சுத்தமான தமிழ், ஒரு எழுத்துக்கூடப் பிறமொழி இல்லை. இதுவரை நான் சொன்ன சொற்களிலேயே மிகக் கொடுமையான சொல்லும் இதுதான். காசு குறைவதை நம்மவர்கள் காசு குறைந்ததாகச் சொல்லவில்லை, தங்கள் பேர் பாதியானதாகச் சொன்னார்கள். சமூக ஆய்வாளர் பக்கம் பக்கமாக எழுதுவதை ஐந்து எழுத்தில் முடித்துவிட்டார்கள்.

ஊரின் பெயரையும் விட்டுவிட முடியாது. ‘மடுல்சீமை’யில் வருகிற சீமை, சிங்களத்தில் ‘சீமாவ’, எல்லை. வடமொழி ‘சீமா’தான் இரண்டுக்கும் மூலம். தமிழில் அது எல்லைக்குட்பட்ட நாட்டுக்குப் பெயராகி, சிவகங்கைச் சீமை, இராமநாதபுரம் சீமை என்று வழங்கியது. பிறகு வெள்ளைக்காரன் நாட்டுக்கும் சீமை என்றே பெயராயிற்று, அதிலிருந்து சீமைச்சுண்ணாம்பு வந்தது. சிவகங்கைச் சீமையில் பஞ்சத்துக்குப் புறப்பட்டவனை, சீமையிலிருந்து வந்த துரை, மடுல்சீமையில் வேலைக்கு வைத்தான். மூன்று சீமையும் மூன்று பொருள்.

சரி, இந்தச் சொற்களை இதுவரை யாராவது தொகுத்தார்களா? தொகுத்தார்கள். ஃபர்குசன் என்ற வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டில் சின்னத் துரைமாருக்காக ஒரு சட்டைப்பைக் கையேடு போட்டார். புத்தகத்தின் பெயரே ‘இங்கே வா’. 1915இல் வெல்ஸ் என்பவர் ‘கூலித் தமிழ்’ என்ற பெயரில் இன்னொன்று போட்டார். இரண்டும் கட்டளை போடுவதற்காகத் தொகுத்தவை. ‘வா’, ‘போ’, ‘வெட்டு’, ‘சும்மா இரு’ என்று சொல்லத் தெரிந்தால் துரைக்குப் போதும். பதில் பேசுகிறவனின் சொல் அவருக்கு வேண்டியதில்லை. நம் பக்கத்தில் சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்தார்கள், அதனால் பாடலுக்குள் இருந்த சொற்கள் பிழைத்தன. பாட்டில் ஏறாத சொல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நோர்வேயை நான் இந்த மேடைக்குக் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நாடு நானூறு ஆண்டு டென்மார்க்கோடு கட்டப்பட்டிருந்தது, 1814இல்தான் பிரிந்தது. பிரிந்த பிறகும் எழுதுகிற மொழி டேனிஷ். குடியானவன் பேசுவது கொச்சை என்று கருதினார்கள். இவார் ஓசென் என்று ஒருவர், 1813இல் பிறந்த ஏழைக் குடியானவரின் மகன், பெரும்பாலும் தானாகவே படித்தவர். 1842இலிருந்து நான்கு ஆண்டு மலையும் பள்ளத்தாக்குமாக நடந்து, பண்ணை பண்ணையாகப் போய், கிழவர்களிடமும் மாட்டுக்காரிகளிடமும் சொற்களைக் கேட்டு எழுதினார். 1848இல் இலக்கணம், 1850இல் அகராதி. அந்தக் குடியானவர் மொழி 1885இல் நாடாளுமன்றத் தீர்மானத்தின்படி எழுத்து மொழியாகச் சமஉரிமை பெற்றது. இன்றைக்கு அதன் பெயர் நீநொஷ்க். அவர் தொடங்கிய வழியில் 1930இல் ஆரம்பித்த பேரகராதி 2016இல் 12 தொகுதிகளாக முடிந்தது. ஓசென் குடியானவரின் சொல்லைத் திருத்தவில்லை. கேட்டபடி எழுதினார், பிறகுதான் விதி தேடினார்.

இடையில் நமக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன். நோர்வே அகராதியில் ‘கத்தமரான்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அது நம் மீனவரின் கட்டுமரம். கட்டு + மரம், வினைத்தொகை. அதைக் கட்டிய கடற்கரைக்காரரும் அகராதி பார்த்துக் கட்டவில்லை. இந்தப் பக்கம் 1956இல் யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து நோர்வேக்குப் போன அந்தோனி இராஜேந்திரம், பின்னர் காரைநகரில் படகுத் தொழிலுக்காக 1967இல் உருவாக்கிய நிறுவனத்துக்கு வைத்த பெயர் ‘சீநோர்’. சிலோன், நோர்வே இரண்டின் தலையையும் வெட்டி ஒட்டிய பெயர். இலக்கணம் ஒப்புக்கொள்ளாது, வடக்கே வலை வாங்கியவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

நான் தம்பி தங்கச்சிமாரிடம் கேட்பது இதுதான். அடுத்த விடுமுறையில் ஆளுக்கு ஒரு கொப்பி எடுங்கள். கொப்பி என்றேன், கோப்பி இல்லை, அது எமிலியோடு போய்விட்டது. உங்கள் லயத்தில் தொடங்குங்கள். சொல்லைக் கேட்டபடி எழுதுங்கள். ‘புள்ள’ என்று சொன்னால் ‘பிள்ளை’ என்று திருத்தாதீர்கள், ‘பெரட்டு’ என்றால் ‘பிரட்டு’ என்று அழகுபடுத்தாதீர்கள். சொன்னவரின் வயது, எந்தத் தோட்டம், எந்த வேலை செய்தவர் என்று பக்கத்தில் குறியுங்கள். அந்தச் சொல் வருகிற ஒரு முழு வாக்கியத்தையும் எழுதுங்கள், வாக்கியம் இல்லாத சொல் பாதி உயிர்தான். பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அங்கே அதே பொருளுக்கு என்ன சொல் என்று கேளுங்கள். காம்பராவா மடுவமா என்பது எந்த ஆற்றோடு மாறுகிறது, எந்த மலையோடு மாறுகிறது என்று அப்போதுதான் வரைபடம் போட முடியும். ஆசிரியர்களே, இதற்குப் புள்ளி கொடுங்கள், பிழைக்குப் புள்ளி வெட்டாதீர்கள். சேர்ந்ததில் ஒரு பிரதி பாடசாலையில் இருக்கட்டும், ஒரு பிரதி பதுளை நூலகத்துக்குப் போகட்டும், இன்னொன்றை இணையத்தில் இயங்கும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். சம்பளப் பட்டியலும் செக்ரோலும் நினைவில் உள்ளவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஆகவே எண்பது தாண்டியவர்களிடம் முதலில் போங்கள்.